ரௌட்டரா, கம்ப்யூட்டரா

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மிருதுளா எட்டாம் வகுப்பு. காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாலிடெக்னிக்குக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி வீட்டுக்குத் திரும்பினேன். ரௌட்டர் வேலை ஒன்று பாக்கி இருந்தது.

பதினெட்டு வருடமாகப் பையன்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம். கம்ப்யூட்டருக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். இந்தப் பெயருக்கு எண் என்ன என்று அது யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்கப்படுகிற அந்த ஆள்தான் டிஎன்எஸ். எந்த ஆளிடம் கேட்பது என்பதை ரௌட்டரில் எழுதிவைத்தால், வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாம் அவரிடமே போய்க் கேட்கும். இதுநாள் வரை இணைப்புக் கொடுத்தவர்களின் ஆள் இருந்தார். இன்று அவரை எடுத்துவிட்டு நான் தேர்ந்தெடுத்தவரைப் போட்டேன். இவர் இரண்டு வேலை செய்வார். யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் நேரத்தோடு குறித்து வைப்பார். நான் வேண்டாம் என்று சொன்ன பெயருக்கு எண் தரமாட்டார்.

மனைவி தமயந்தி துடைப்பத்தோடு வந்து நின்றாள். “எதுக்குங்க அந்தப் பொட்டிய நோண்டறீங்க?”

“நெட்டு வேகமா வரத்தான்.”

யாராவது காரணம் கேட்டால் மகளுக்காக என்று சொல்வேன். பாதி உண்மைதான். மனைவியின் போனுக்கு ரீசார்ஜ் போடுவதை மார்ச் மாதமே நிறுத்திவிட்டேன். வீட்டில் வைஃபை இருக்கிறது, வெளியே போனால் நான் இருக்கிறேன். பிறகென்ன? அப்படியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருக்கிறாள். நான் வந்தால் கவிழ்த்து வைக்கிறாள்.

ஜூன் 12, புதன்

முதல் பட்டியல் வந்தது. பெயரும் நேரமும்தான் இருக்கும், உள்ளே என்ன படித்தாள் என்பது இருக்காது. வீட்டில் எந்தக் கருவி கேட்டது என்பதும் இருக்காது. அது போதும். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

சமையல் தளம், சீரியல், மிருதுளா பள்ளியின் தளம். அப்புறம் நர்சிங் கவுன்சில், ஏழு தடவை. தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்று, நாலு தடவை. பெண்கள் உதவி மையம், மூன்று தடவை.

கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தாள். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தினேன். பதினாலு வருடம் கழித்து இப்போது எதற்கு அந்தக் கவுன்சில்? எனக்கா புரியாது? மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாள். வேலை, தங்க இடம், பரிந்து பேச ஆள் என்று மூன்றையும் தேடியிருக்கிறாள்.

இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

ஜூன் 15, சனி

மூன்று பெயரையும் தடை செய்து மூன்று நாள் ஆகிறது. இன்று மெதுவாக வந்தாள்.

“ஏனுங்க, நெட்டுல சிலதெல்லாம் வரமாட்டீங்குது.”

“எது வரல? பேரச் சொல்லு, சரி பண்ணித் தர்றேன்.”

துணி மடித்துக்கொண்டே இருந்தாள். “ஒண்ணுமில்லீங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மிருதுளா வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், கண்ணை மட்டும் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பெண் வரவர என்னிடம் பேசுவதே இல்லை. வயசு அப்படி.

ஜூன் 16, ஞாயிறு

ஆய்வகக் கையேடு வேலை ஆரம்பம். ஆகஸ்டுக்குள் துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். எனக்குத் தமிழ்த் தட்டச்சு வராது, எப்போதும் நான் சொல்ல அவள் அடிப்பாள். கல்யாணமான வருடத்திலிருந்தே இப்படித்தான். என் பெயர் போட்டு வந்த நாலு கையேடும் அவள் அடித்தவைதான். முன்னுரையில் நன்றி சொல்லலாமே என்று எங்கள் துறையில் வேலை பார்க்கும் சென்னிமலை ஒரு முறை கேட்டார். வீட்டுக்காரிக்கு யாராவது அச்சில் நன்றி சொல்வார்களா?

இன்று ஐந்து பக்கம்தான் ஓடியது. கதவில் மாட்டிய விரல் இரண்டும் இன்னும் சரியாகவில்லையாம், இடது கையால் அடிக்கிறாள். கதவைச் சாத்தியது நான்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் அங்கே கையை வைத்திருப்பாள் என்று யார் கண்டது?

ஜூன் 19, புதன்

வாசல் கேட்டின் பூட்டை மாற்றினேன். பழைய பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது, இதற்கு ஒன்றுதான். காலம் கெட்டுக் கிடக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்று நல்ல வேலை நடந்தது. ஏழாம் பயிற்சி முடிந்தது. தலைப்பு: “டிஎன்எஸ் அமைப்பு: ரௌட்டரா, கம்ப்யூட்டரா?” இந்த மொத்தக் கையேட்டிலும் எனக்குப் பிடித்த பாடம் இதுதான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பையன்களை மடக்க இதைத்தான் கேட்பேன்.

நான் சொன்னது இது: “கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக் என்று இருந்தால், அது ரௌட்டர் சொல்லும் ஆளையே கேட்கும். கம்ப்யூட்டரில் நாமே ஓர் எண்ணைக் கையால் எழுதிவிட்டால், அது ரௌட்டர் சொல்வதைப் பொருட்படுத்தாது. நேராக அந்த எண்ணிடமே போய்க் கேட்கும்.”

தமயந்தியின் விரல் நின்றது. “அப்ப ரௌட்டர்ல நாம என்ன போட்டாலும் கம்ப்யூட்டர் கேக்காதுங்களா?”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடத்தில் ஒரு பையன் இப்படி மறித்துக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினேன். ரௌட்டர் தருவது யோசனை, கம்ப்யூட்டரில் எழுதியது முடிவு என்றேன். இரண்டும் மோதினால் கம்ப்யூட்டரில் இருப்பதே நிற்கும் என்றேன். அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

என் கையேட்டில் தப்பு இருக்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு படியையும் அவள் அடிக்கிற பழைய லேப்டாப்பிலேயே செய்து பார்த்து அடிக்கச் சொல்வது என் வழக்கம். செட்டிங்கைத் திறந்தாள், எண்ணை எழுதினாள், சேமித்தாள். “வருதுங்க” என்றாள். கடைசிப் படி: “பயிற்சி முடிந்ததும் அமைப்பை மீண்டும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றவும்.” அதையும் அடித்தாள்.

சாயங்காலம் மூவரும் பேக்கரிக்குப் போனோம். தேங்காய் பன் வாங்கித் தந்தேன்.

ஜூன் 27, வியாழன்

பட்டியல் சுத்தம். சமையல், சீரியல், கோயில் தளம் ஒன்று.

ஜூலை 1, திங்கள்

சுத்தம்.

ஜூலை 5, வெள்ளி

இரண்டு வாரமாக அந்த மூன்று பெயரில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. திருந்திவிட்டாள். நேரில் சண்டை போட்டிருந்தால் அழுகை, பட்டினி, அவள் அண்ணன் போன் என்று போயிருக்கும். ரௌட்டரில் ஓர் எண்ணை மாற்றியதோடு முடிந்தது. முகத்தில்கூடத் தெளிவு வந்திருக்கிறது. நேற்றுக் குழம்பு கொதிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

பகலில் லேப்டாப்பில் கையேட்டுக்குப் பிழை திருத்துவதாகச் சொன்னாள். என் வேலையில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 13, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

சென்னிமலை வந்திருந்தார். எங்கள் துறையிலேயே லேப் உதவியாளர். அவருடைய மகன் எந்நேரமும் போனில் விளையாட்டுத்தானாம், அதை வீட்டில் எப்படித் தடுப்பது என்று கற்றுக்கொள்ள வந்தார். நானும் பெருமையாக லேப்டாப்பைத் திறந்தேன். தமயந்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் நிற்கும்போதே காட்ட வேண்டும் என்று தோன்றியது.

“இப்ப பாருங்க, நான் தடுத்து வெச்ச தளம் ஒண்ண அடிக்கறேன். வராது.”

நர்சிங் கவுன்சில் என்று அடித்தேன்.

வந்தது. படம், கட்டம், அறிவிப்பு எல்லாம் பளிச்சென்று வந்தது.

சென்னிமலை சிரித்தார். “என்னங்க சார், உங்க ரௌட்டர் பேச்ச உங்க கம்ப்யூட்டரே கேக்க மாட்டீங்குது!”

ரௌட்டரை அணைத்துப் போட்டேன். என் போனில் அடித்தால் வரவில்லை, லேப்டாப்பில் அடித்தால் வருகிறது. அவருக்கு முன்னால் வியர்த்துவிட்டது. ஏதோ சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். பிறகு லேப்டாப்பின் செட்டிங்கைத் திறந்தேன். கையால் எழுதிய எண். பாடத்தில் உதாரணத்துக்கு நான் கொடுத்த அதே எண்.

“இத மாத்துனது யாரு?”

“நீங்க சொல்லித்தானுங்க மாத்துனேன். பயிற்சிக்கு.”

“திரும்ப ஆட்டோமேட்டிக்ல போடச் சொன்னனே?”

“மறந்துட்டனுங்க.”

மறந்தாளாம். அந்த வரியை அடிக்க மறக்கவில்லை, செய்ய மட்டும் மறந்தாளாம். இருபது நாள்! இருபது நாளாக நான் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் வந்தது அவளுடைய போனும் டிவியும் மட்டும். எனக்குக் காட்டுவதற்காகவே போனில் சமையலும் கோயிலும் பார்த்திருக்கிறாள். லேப்டாப் கேட்டதெல்லாம் வேறு யாரிடமோ போயிருக்கிறது.

கொஞ்சம் சத்தம் போட்டேன். அவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

தமயந்தி படுத்திருக்கிறாள். இடது காது கேட்கவில்லை என்கிறாள். நடிப்பாகவும் இருக்கலாம். ரசம் நானே வைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல் என்று மிருதுளாவிடம் சொல்லிவைத்தேன். “செரிங்கப்பா” என்றாள். சோற்றைத் தொடவில்லை.

ஜூலை 15, திங்கள்

சரிசெய்துவிட்டேன். லேப்டாப்புக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று, செட்டிங்கை இனி நான் மட்டும்தான் மாற்ற முடியும். ரௌட்டரிலும் ஒரு விதி எழுதினேன். கம்ப்யூட்டர் எந்த எண்ணிடம் கேள்வி அனுப்பினாலும், ரௌட்டர் அதை வழியிலேயே மடக்கி என் ஆளிடம் திருப்பிவிடும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பாடத்தில் இந்தப் பகுதி இல்லை, நல்லவேளை.

ஆனால் அந்த இருபது நாள்? லேப்டாப்பில் பார்த்ததன் சுவடு எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள். யாரிடம் பேசினாள், எதற்கு விண்ணப்பித்தாள், என்ன முடிவாயிற்று, எதுவும் தெரியவில்லை.

ஜூலை 18, வியாழன்

பட்டியலில் எதுவும் இல்லை. அவள் போனையும் தொடுவதில்லை, லேப்டாப்பையும் தொடுவதில்லை. வகுப்புக்கு நடுவே ஐந்து தடவை பார்த்தேன். எங்கள் வீட்டில் ஆள் இருப்பதற்கான அடையாளமே பட்டியலில் இல்லை. பயமாக இருக்கிறது. தேடுகிறவளைத் தடுக்கலாம். தேடி முடித்தவளை என்ன செய்வது?

ஜூலை 22, திங்கள்

மிருதுளாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “அம்மா லேப்டாப்புல என்ன கண்ணு பாத்தா? அப்பாகிட்டச் சொல்லு.”

“எனக்குத் தெரியாதுங்கப்பா.”

“பொய் சொல்லாத.”

கையைப் பிடித்துத்தான் கேட்டேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்திருப்பேன். அவள் கத்தியது அதிகம். தமயந்தி அடுக்களையிலிருந்து வந்து எங்கள் நடுவில் நின்றாள். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“புள்ளயத் தொடாதீங்க.”

கத்தவில்லை. பால் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். என் கை தானாக விட்டுவிட்டது. அதற்கு இன்னும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

இன்று அவளாகவே பேசினாள்.

“பதினெட்டுக்கு ஆத்துக்குப் போலாமுங்களா? கயிறு மாத்தோணும்.”

ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் குளித்துத் தாலிக்கயிற்றைப் புதுசாக மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வது. புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மாற்றுகிறார்கள். மனம் குளிர்ந்துவிட்டது. நான் தேவையில்லாமல் கண்டதையும் நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மிருதுளாவும் வரட்டும் என்றேன்.

“அவ இல்லாமலுங்களா” என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

மோகனூர் போனோம். அப்படி ஒரு கூட்டம். படித்துறையில் தேங்காய், காதோலை, முளைப்பாரி என்று கால் வைக்க இடமில்லை. பெண்கள் குளிக்கும் பக்கம் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வாசலில் பெண் போலீஸ் ஒருவர் நின்றார்.

“நீங்க இங்கயே நில்லுங்க. கயிறு மாத்திட்டு வந்தர்றோம்” என்றாள். பை, போன், செருப்பு எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாள். மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மிருதுளா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அரைமணி நேரம் நின்றேன். ஒருமணி நேரம் ஆயிற்று. உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? ஆம்பளை எட்டிப் பார்த்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள். அந்தப் பெண் போலீஸிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டு வந்து, “அப்பிடி யாரும் இல்லீங்களே” என்றார். மறைப்புக்குப் பின்னால் தோப்பு, தோப்பைத் தாண்டினால் ரோடு. அங்கே வரைக்கும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

இரண்டு பேரும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரௌட்டர் பட்டியலில் இன்று நான் போனில் கேட்ட பெயர்கள் மட்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

வீட்டுத் தகராறுகளில் பெண்களின் புகாரை விசாரிக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஐம்பது வயது அம்மா. கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தமயந்தியும் மிருதுளாவும் பத்திரமாக இருக்கிறார்களாம், எங்கே என்று சொல்ல முடியாதாம்.

“காது ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. பழைய விரல் முறிவு ரெண்டு. புள்ள கைல தழும்பு. என்னங்க சொல்றீங்க?”

“குடும்பம்னா நாலு இருக்கும்ங்க மேடம்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். அந்த இருபது நாளில் என்ன நடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறாள். வேலைக்கு நேர்காணல் அந்த லேப்டாப்பிலேயே நடந்திருக்கிறது, என் கையேடு வைத்திருக்கும் மேஜையில். இந்த அலுவலருக்கு இரண்டு மூன்று பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறாள். ஜூலை பத்தாம் தேதியே நாள் குறித்தாயிற்றாம்.

“வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வர்றோம்னுதான் சொன்னோம். நீங்க கேட்டப் பூட்டிட்டுப் புள்ளய வண்டில வெச்சுட்டுப் போனா என்ன பண்றதுன்னு பயந்தாங்க. ரெண்டு பேரையும் சேத்திக் கூட்டிட்டு வந்து நீங்க தள்ளி நிக்கற நாள் ஆடிப் பதினெட்டு ஒண்ணுதானாம். பொம்பளைங்க பக்கம் வரவும் மாட்டீங்கன்னாங்க.”

பதிமூன்றாம் தேதி நான் சத்தம் போட்டபோது இதெல்லாம் அவள் மனதில் இருந்திருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தபோதும் ஒரு வார்த்தை வாயைவிட்டு வரவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

மிருதுளாவிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். அவளிடம் கேட்டுப் பார்த்துவிட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வக்கீலைப் பார்த்தேன். முதல் கேள்வியே, “உங்க பக்கம் ஏதாச்சும் எழுத்துல இருக்குதுங்களா?” என்பதுதான். இருக்கிறதே என்றேன். ரௌட்டர் பட்டியலின் பிரிண்டையும் இந்த நாட்குறிப்பையும் மேஜையில் வைத்தேன். அவர் நடுவில் நாலைந்து பக்கம் புரட்டினார். மூடிவிட்டு என் பக்கம் தள்ளினார்.

“சார், இத இன்னிக்கே எரிச்சுப்போடுங்க. யாருகிட்டயும் காட்டீராதீங்க.”

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலையிலிருந்து முதல் பக்கத்தில் ஆரம்பித்து முழுக்கப் படித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். ஒரு வரி பொய் இல்லை. எதை எரிப்பது? ஒரு மனிதன் தன் வீட்டைக் காப்பாற்ற நாள்தோறும் என்னென்ன செய்தான் என்று தேதி போட்டு இருக்கிறது. கண்ணாடியை மூக்கில் இறக்கிய அந்த அம்மா இதைப் படித்தால், எந்தப் பக்கம் நியாயம் என்று அவருக்கே விளங்கிவிடும்.

திங்கள் பத்தரைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் மூன்று செட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கிவந்துவிட்டேன். ஒன்று அந்த அலுவலருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. மூன்றாவதை மிருதுளாவிடம் கொடுக்கச் சொல்லப் போகிறேன். இப்போது புரியாவிட்டாலும் வளர்ந்தபிறகு படிக்கட்டும். அவளுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.